வெள்ளைக்கார ராஜாவும் கோவண்டி டீக்கடையும்

மாலை ஏழு மணி. வி.டி.யிலிருந்து வரும் ஹார்பர் லைன் வண்டி கோவண்டியில் நிற்கிறது. கூட்டத்தைக் கொட்டிவிட்டு மான்குர்து பக்கம் நகர்கிறது. கையில் டிபன் டப்பா, தோளில் பை, கண்ணில் களைப்பு. இந்தக் கூட்டத்தில் நாலு பேர் மட்டும் நேரே வீட்டுக்குப் போவதில்லை. நிலையத்துக்குப் பக்கத்தில் நெல்லைச் சீமைக்காரர் ஒருவரின் டீக்கடை. அங்கே ஒரு கட்டிங் டீ குடித்து, உலக விவகாரங்களைத் தீர்த்து வைத்துவிட்டுத்தான் மறுவேலை!

அன்றைக்கு விவகாரம் லண்டன்.

காரணம், கூட்டத்தில் ஒருவரான கப்பல் ஏஜென்சி குமாஸ்தா. அவருடைய அக்கா மகள் நர்ஸ் வேலைக்கு லண்டன் போயிருக்கிறாள். வாரம் தவறாமல் போன் வரும். "அங்கே எப்பப் பார்த்தாலும் மழையாம்" என்று அவர் ஆரம்பித்தார்.

"மழையா? நாம பார்க்காத மழையா?" என்றார் கடைக்கார அண்ணாச்சி.

அண்ணாச்சி சொன்னது சரிதான். லண்டனில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்யும் மழை ஏறக்குறைய 600 மில்லிமீட்டர். 2005 ஜூலை 26-ந் தேதி சாந்தாக்ரூசில் ஒரே நாளில் பதிவான மழை 944 மில்லிமீட்டர். அவர்களுடைய ஒன்றரை வருஷ மழை நம் தலையில் ஒரே நாளில் இறங்கியது! லண்டன் மழை அடித்துப் பெய்யாது, தூறிக்கொண்டே இருக்கும். அதனால்தான் அந்தப் பேர். வெள்ளைக்காரர் இருவர் சந்தித்தால் முதலில் வானிலை பற்றித்தான் பேசுவார்கள் என்பது மட்டும் முழு உண்மை என்று அக்கா மகள் சத்தியம் செய்கிறாளாம். நம்மூரில் 'சாப்பிட்டாச்சா?' என்று கேட்பதுபோல!

பத்து பவுனுக்கு ஓர் ஊர்

"அவங்க ராஜா குடும்பத்துக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? எதுக்கு டிவியில அப்படிக் காட்டுறான்?" என்று கேட்டார், மாநகராட்சித் துப்புரவுப் பிரிவில் முப்பது வருஷத்துக்கு மேல் உழைத்து ஓய்வு பெற்ற பெரியவர்.

சம்பந்தம் இருக்கிறது. அதுவும் கல்யாணச் சம்பந்தம்!

1661-ம் ஆண்டு. இங்கிலாந்து அரசர் இரண்டாம் சார்லசுக்குப் போர்ச்சுகல் இளவரசி கேதரினைப் பேசி முடித்தார்கள். பெண் வீட்டார் எழுதிக் கொடுத்த சீதனத்தில் ஒன்றுதான் பம்பாய். ஆம்! இன்று சதுர அடிக் கணக்கில் விலை பேசும் இந்த ஊர், ஒரு மாப்பிள்ளைக்கு வந்த சீர்வரிசை. ரொக்கமும் பேசினார்கள். அது முழுதாக வந்து சேரவில்லை. ஒரு பங்கைச் சர்க்கரை மூட்டையாக அனுப்பினார்களாம். சீர் பாக்கி விவகாரம் அரண்மனையையும் விடவில்லை!

வந்த ஊரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று ராஜாவுக்குத் தெரியவில்லை. 1668-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டார். வருஷக் குத்தகை, தங்கமாகப் பத்து பவுன்.

"எங்க ஊர்ல பத்து பவுனுக்கு மாப்பிள்ளையே கிடைக்கமாட்டான். அவனுக்கு ஒரு ஊரே கிடைச்சிருக்கே!" என்று அண்ணாச்சி டீயை ஆற்றினார்.

அந்த டீயிலும் கேதரின் ராணிக்குப் பங்கு உண்டு. இங்கிலாந்து அரண்மனையில் தேநீர் குடிப்பதைப் பெரிய மனிதர்களின் பழக்கமாக்கியவர் அவர்தான். பெரிய இடத்துப் பழக்கம் ஊரெல்லாம் பரவி, பின்னாளில் அந்த ஊரின் தேநீர்த் தேவைக்காக நீலகிரியிலும் வால்பாறையிலும் இலங்கை மலைகளிலும் கொழுந்து பறித்தவர்கள் யார் என்று நம் வாசகர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

ஒரு திருத்தம். சீதனத்தில் வந்தவை ஏழு தீவுகள் மட்டுமே. கோவண்டி அதில் சேராது. இந்தப் பக்கமெல்லாம் நூறு வருஷங்களுக்குப் பிறகு, மராட்டியரிடமிருந்து வெள்ளையர் கைக்குப் போனது. "அப்ப நாம வரதட்சிணையில வந்தவங்க இல்லை" என்று குமாஸ்தா சமாதானம் சொன்னார்.

ரயிலில் பயணம் செய்யும் துரைமார்கள்

துரைமார்கள் போய்விட்டார்கள். பெயர்கள் இன்னும் நம் சீசன் டிக்கெட்டோடு பயணம் செய்கின்றன. கோவண்டியிலிருந்து வி.டி. போகிறவர் தினமும் ரே ரோடு, சேண்ட்ஹர்ஸ்ட் ரோடு என்று இரண்டு கவர்னர்களைத் தாண்டித்தான் போகவேண்டும். வி.டி.யே விக்டோரியா மகாராணியின் பெயர்தான். 1887-ல் வைத்தது. 1996-ல் சத்ரபதி சிவாஜி டெர்மினஸ் ஆனது. 2017-ல் 'மகராஜ்' என்பதும் சேர்ந்தது. ஆனாலும் பழைய ஆட்கள் வாயில் 'வி.டி.' போகமாட்டேன் என்கிறது. சேண்ட்ஹர்ஸ்ட் ரோடு, கிங்ஸ் சர்க்கிள் உட்பட எட்டு நிலையங்களின் பெயரை மாற்ற 2024 மார்ச்சில் மாநில அமைச்சரவை முடிவெடுத்தது.

சேண்ட்ஹர்ஸ்ட் பிரபுவின் பெயரை அவசரத்தில் சிலர் 'சண்டாஸ் ரோடு' ஆக்கிவிடுவார்கள். அர்த்தம் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். அவர் கவர்னராக இருந்தபோதுதான், 1896-ல், பம்பாயில் பிளேக் வந்தது. சேரிகளை இடித்துப் புது மனைகள் போட 1898-ல் ஒரு டிரஸ்ட் ஏற்படுத்தினார்கள். நம்மவர்கள் பின்னால் குடியேறிய மாட்டுங்கா அந்த டிரஸ்ட் வகுத்த இடம்தான். ஊர்க் குப்பையைப் பெட்டிகளில் ஏற்றி ரயிலில் இந்தப் பக்கத்துச் சதுப்பு நிலத்துக்கு அனுப்பும் ஏற்பாடும் அதே பிளேக்கை ஒட்டி வந்தது. ஆக, ஒரே நோய். மாட்டுங்காவுக்கு வீதிகள், நம் பக்கத்துக்குக் குப்பை!

மட்டையாலும் பெருக்கலாம்

கூட்டத்தில் நாலாவது ஆள் ஓர் இளைஞர். கூரியர் கம்பெனியில் வேலை. மான்செஸ்டர் அணியின் சிவப்புப் பனியனை மாட்டிக்கொண்டு வருவார். "வெள்ளைக்காரன்னா கிரிக்கெட்னு நினைக்கிறீங்க. அங்க சாதாரண ஜனங்களுக்கு உயிர் புட்பால்தான்" என்றார். அதுவும் சரியே. கால்பந்தில் அவர்கள் உலகக் கோப்பையை வென்றது ஒரே தடவை, 1966-ல். இன்னும் அந்தக் கதையைத்தான் பாட்டன் பேரனுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

ஆனால் கிரிக்கெட் என்று வந்துவிட்டால், இங்கிலாந்து அணிக்குத் தலைவர்களைப் பெற்றுக் கொடுத்ததே நம் நாடு! 1933 டிசம்பரில் இந்திய மண்ணின் முதல் டெஸ்ட் பம்பாய் ஜிம்கானாவில் நடந்தது. லாலா அமர்நாத் 118 ரன் அடித்தது அதில்தான். ஜெயித்தது இங்கிலாந்து. அந்த அணியின் தலைவர் டக்ளஸ் ஜார்டின் பிறந்தது இதே பம்பாயில், 1900-ல். பின்னால் தலைவராக இருந்த காலின் கவுட்ரியின் தகப்பனார் தென்னிந்தியாவில் தேயிலைத் தோட்டக்காரர். 1999 முதல் 2003 வரை தலைவராக இருந்த நாசர் உசேன் பிறந்தது சென்னையில், 1968-ல். 2002 ஜூலையில் லார்ட்ஸ் இறுதி ஆட்டத்தில் அவர் 115 ரன் அடித்தும், யுவராஜும் கைப்பும் சேர்ந்து கோப்பையைப் பறித்தார்கள். கங்குலி சட்டையைக் கழற்றிச் சுழற்றியது அன்றைக்குத்தான்.

இன்னொரு 115-ஐ மும்பைக்காரர்கள் மறக்கமாட்டார்கள். 1987 நவம்பர் 5. வாங்கடே மைதானம். உலகக் கோப்பை அரையிறுதி. கிரகாம் கூச் குனிந்து குனிந்து 'ஸ்வீப்' அடித்தே நம் சுழல்பந்தை ஒழித்தார். 35 ரன் வித்தியாசத்தில் இந்தியா தோற்றது.

குமாஸ்தா அந்த ஆட்டத்தை எழுந்து நின்று, குடையை மட்டையாக்கி நடித்துக் காட்டினார். பெரியவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஸ்வீப்புன்னா பெருக்குறதுதானே தம்பி? முப்பது வருஷம் நானும் குனிஞ்சு குனிஞ்சுதான் அடிச்சேன். ஒருத்தன் கை தட்டினானா?"

கடையில் கொஞ்ச நேரம் பேச்சு இல்லை. அண்ணாச்சி அவருக்கு மட்டும் காசில்லாமல் இன்னொரு கட்டிங் வைத்தார்.

எழுபது வருஷம் காத்திருந்த குமாஸ்தா

இப்போதைய அரசர் மூன்றாம் சார்லஸ் பிறந்தது 1948 நவம்பர் 14. நேருவின் பிறந்தநாள்! 1952-ல் தாயார் எலிசபெத் ராணியானதும் இவர் பட்டத்து வாரிசு ஆனார். அப்போது வயது மூன்று. 2022 செப்டம்பர் 8-ந் தேதி ராணி காலமாகும்வரை காத்திருந்தார். முடிசூட்டு விழா நடந்தது 2023 மே 6-ந் தேதி.

"எழுபது வருஷம் ஒரே கிரேடு! பிரமோஷன் வந்தது எழுபத்து மூணாவது வயசுல. நம்ம ஆபீசே தேவலை" என்றார் குமாஸ்தா. ஆனாலும் சம்பளத்துக்குக் குறைவில்லை, வாடகைத் தொல்லையும் இல்லை என்று இளைஞர் எடுத்துக் கொடுத்தார்.

ராஜா என்றால் ஆணையிடுவார், தலையை வெட்டுவார் என்பதெல்லாம் நம் ஊர்க் கூத்து மேடையோடு சரி. அங்கே ஆளுவது நாடாளுமன்றம். 2024 தேர்தலில் லண்டனின் ஸ்டிராட்போர்டு-போ தொகுதியில் இலங்கைத் தமிழ்ப் பெற்றோரின் மகள் உமா குமரன் ஜெயித்து உள்ளே போயிருக்கிறார். ராஜாவின் வேலை கையெழுத்துப் போடுவது, கை குலுக்குவது, நாலு நல்ல வார்த்தை பேசுவது.

அந்தக் கைகுலுக்கல் ஒன்று மும்பையில் நடந்தது. 2003 நவம்பரில் சர்ச்கேட் வந்த சார்லஸ், டப்பாவாலாக்களைச் சந்தித்தார். நம் மதிய சாப்பாட்டைச் சுமக்கும் அதே வெள்ளைத் தொப்பிக்காரர்கள்தான். மறக்கவில்லை மனிதர். 2005 ஏப்ரலில் கமிலாவை மணந்தபோது அழைப்பு அனுப்பினார். ரகுநாத் மேட்கே, சோபான் மரே இருவரும் விமானம் ஏறிப் போனார்கள். மாப்பிள்ளைக்குத் தலைப்பாகை, பெண்ணுக்கு ஒன்பது கெஜச் சேலை! முடிசூட்டு விழாவுக்கும் இங்கிருந்து புனேத் தலைப்பாகை போயிற்று.

தாராவியைப் புகழ்ந்த ராஜா

"அவர் தாராவியைப் பத்தியும் நல்லாப் பேசினாராமே?" என்று பெரியவர் கேட்டார். பேச்சு இங்கேதான் வேடிக்கையை விட்டுத் திரும்பியது.

பேசினார். 2009 பிப்ரவரியில், லண்டனில் ஒரு மாநாட்டில். தாராவியை நேரில் பார்த்தவர் அவர். வீடும் தொழிலும் ஒரே இடத்தில் இருப்பது, எதையும் வீணாக்காமல் மறுபடி உபயோகிப்பது, அடுத்த வீட்டுக்காரரைத் தெரிந்து வைத்திருப்பது – இந்த விஷயங்களில் பணக்கார நாடுகள் தாராவியிடம் கற்கவேண்டும் என்ற பொருளில் சொன்னார். 2010-ல் எழுதிய புத்தகத்திலும் தாராவி வருகிறது.

அதே மாதம்தான் வெள்ளைக்கார டைரக்டர் டேனி பாயில் எடுத்த 'ஸ்லம்டாக் மில்லியனர்' எட்டு ஆஸ்கார் பரிசு வாங்கியது. இரண்டு ஏ.ஆர்.ரகுமானுக்கு. படத்தின் பெயரில் 'நாய்' வருகிறதே என்று நம் சேரிகளில் மனம் புண்பட்டு ஆர்ப்பாட்டமும் நடந்தது. ஒரு வெள்ளைக்காரர் சேரியைக் காட்டிக் காசாக்குகிறார், இன்னொரு வெள்ளைக்காரர் சேரியைப் புகழ்கிறார். இரண்டு பேரும் இராத்திரி இங்கே படுக்கப் போவதில்லை. அந்தக் கோபம் நியாயமானது. கழிப்பறைக்கு முன்னால் விடியற்காலை வரிசையில் நிற்கிறவளிடம் போய், 'உன் வாழ்க்கை உலகத்துக்கு எடுத்துக்காட்டு' என்று சொல்ல முடியுமா?

ஆனால் சார்லஸ் இதைத் திடீரென்று சொன்னவர் அல்ல. அடுக்குமாடிகளைக் குத்திப் பேசி 1984-லேயே கட்டிட நிபுணர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர். டார்செட் மாவட்டத்தில் பவுண்ட்பரி என்று ஒரு புது ஊரையே உருவாக்கினார். 1993-ல் வேலை ஆரம்பமாயிற்று. கடை, பட்டறை, வீடு எல்லாம் நடந்து போகும் தூரத்தில். அவர் பணம் செலவழித்து உண்டாக்கியதை, தாராவி ஜனங்கள் தாமாகவே உண்டாக்கியிருந்தார்கள். தோல் பட்டறைகளுக்கு வந்த நெல்லைச் சீமைக்காரர்கள், குஜராத்திக் குயவர்கள், முறுக்குச் சுடும் பெண்கள், விடியுமுன் சைக்கிளில் இட்லி ஏற்றிக் கிளம்பும் பையன்கள். இந்தத் தொழில்கள் எல்லாம் தரையில், வாசலில், சந்தில் நடப்பவை.

லண்டனில் எல்லோரும் பங்களாவில் இருப்பதாக நாம் நினைக்கிறோமே, அதுவும் தப்பு. 2017 ஜூன் 14-ந் தேதி கிரென்பெல் டவர் என்ற 24 மாடிக் கட்டிடம் தீப்பிடித்து 72 பேர் மாண்டார்கள். பணக்காரக் கென்சிங்டன் வட்டாரம் அது. அரண்மனை இருக்கும் வட்டாரம். உள்ளே இருந்தவர்கள் பெரும்பாலும் ஏழை உழைப்பாளிகள். தங்கள் முறையீடுகளை யாரும் காதில் வாங்கவில்லை என்று முன்னாலேயே புகார் சொன்னவர்கள்.

இதைக் கேட்டுக் கோவண்டிக்காரர்கள் ஆச்சரியப்படவில்லை. காரணம், மாடி வீடு கிடைத்தவர்களின் கதை அவர்களுக்கு அடுத்த தெரு.

ரயில் பாதை ஓரத்திலும் சாலை ஓரத்திலும் குடியிருந்தவர்களைக் கிளப்பிக் கொண்டுவந்து வைத்த இடங்கள், மான்குர்தின் லல்லுபாய் காம்பவுண்டும் கோவண்டியின் நட்வர் பாரேக் காம்பவுண்டும். வீடு 225 சதுர அடி. மாடிக் கட்டிடங்கள், நடுவில் மூன்று மீட்டர் அளவுதான் இடைவெளி. கீழ்த் தளங்களில் பகலிலும் விளக்கு எரியவேண்டும். டாக்டர்ஸ் பார் யூ அமைப்பும் பவாய் ஐ.ஐ.டி.யும் ஆராய்ந்து 2018-ல் வெளியான அறிக்கை, வெளிச்சமும் காற்றும் குறைந்த கீழ்மாடி வீடுகளில் காசநோய் கூடுதல் என்று காட்டியது. குடிசையில் இருந்தபோது கூரை ஒழுகிற்று; வெயில் இலவசமாக வந்தது.

124 ஏக்கர்

இப்போது தாராவியின் முறை. 2022 நவம்பரில் தாராவி மறுசீரமைப்புக்கான டெண்டர் அதானி குழுமத்துக்குக் கிடைத்தது. விதி இதுதான்: 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருந்ததற்குச் சான்று காட்டினால் தாராவியிலேயே 350 சதுர அடி, இலவசம். அதற்குப் பிறகு 2011-க்குள் வந்தவர்களுக்குத் தாராவிக்கு வெளியே, இரண்டரை லட்ச ரூபாய்க்கு. அதற்கும் பிறகு வந்தவர்களுக்கும், மேல்மாடி அறைகளில் இருப்பவர்களுக்கும் வெளியே வாடகை வீடு. வாடகை கட்டிக் கட்டிச் சொந்தமாக்கிக்கொள்ளலாம்.

'வெளியே' என்றால் எங்கே? 2024 அக்டோபரில் இந்தத் திட்டத்துக்காக மாநில அரசு ஒதுக்கிய இடங்களில் ஒன்று, தேவ்நார் குப்பைமேட்டு நிலத்தில் 124 ஏக்கர். 1927 முதல் மாநகரத்தின் குப்பையைச் சுமந்துவரும் மேடு அது. 2016 ஜனவரியில் தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்தது. கோவண்டிக் குழந்தைகள் இருமிக்கொண்டே பள்ளிக்கூடம் போனார்கள். அங்கே கிடக்கும் பழைய குப்பை 1 கோடியே 85 லட்சம் டன் என்பது மாநகராட்சிக் கணக்கு. அதை அகற்ற 2025-ல் டெண்டர் விட்டார்கள்.

பெரியவரின் தங்கை குடும்பம் தாராவி தொண்ணூறடி சாலைப் பக்கம். கீழே வேறொருவர், மேலே இவர்கள். இரும்பு ஏணி வைத்த அறை. தங்கை மகனுக்கு இட்லி வியாபாரம். அவன் கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாமல்தான் பெரியவர் நாலு நாளாகச் சரியாகத் தூங்கவில்லை.

"ராஜா வீட்டுல யார் வாரிசுன்னு ஆயிரம் வருஷத்துக் கணக்கு வச்சிருக்கான். நம்மகிட்ட 2000-ம் வருஷத்துக்கு முந்தி எங்க இருந்தேன்னு கேக்கான். இருந்தோம். மாடியில இருந்தோம். மாடிக்குக் கணக்கு இல்லைங்கான்."

"அத்தான், மாடின்னாலும் வெளியில வீடு உண்டுன்னுதானே சொல்றாங்க?" என்றார் குமாஸ்தா. ஊர் முறையில் அவருக்குப் பெரியவர் அத்தான்.

"உண்டு வே. இந்தக் குப்பையை முப்பது வருஷம் அள்ளிக் கொட்டினவன் நான். அது மேல என் தங்கச்சியைக் குடி வைக்கச் சொல்லுதீரா? அப்படியே வந்தாலும், நாலு மணிக்கு இட்லி அவிச்சு ஏழாவது மாடியில இருந்து சைக்கிளை எப்படி இறக்குவான்?"

"லிப்ட் இருக்கும், தாத்தா" என்றார் சிவப்புப் பனியன் இளைஞர்.

"நட்வர் பாரேக்குல போய்ப் பாரு" என்று அண்ணாச்சி உள்ளேயிருந்து சொன்னார்.

குமாஸ்தா பையிலிருந்து பேனாவை எடுத்தார். கணக்கெடுப்புக்காரர்கள் வந்து வீட்டுக்கு நம்பர் போட்டார்களா, மின்சார மீட்டர் யார் பேரில், ரேஷன் கார்டு எந்த வருஷத்தது, பையனின் பள்ளிக்கூடச் சான்றிதழில் என்ன விலாசம் என்று வரிசையாகக் கேட்டு, டீ பில்லின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டார். பெரியவருக்குப் பாதிக்குத்தான் பதில் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை குர்லாவில் வண்டி மாறி, சயானில் இறங்கி, இரண்டு பேருமாகத் தாராவிக்குப் போய்க் காகிதங்களைப் பார்ப்பது என்று முடிவாயிற்று.

அதற்குள் அக்கா மகளிடமிருந்து போன். லண்டனில் மழையாம்.